அறுவை சிகிச்சைக்கு முன் பதற்றம் தணிக்கும் மாத்திரை: அம்மாவுக்குக் கேட்கலாமா?

கேள்வி:
வணக்கம். 68 வயதான என் அம்மாவுக்கு வரும் வியாழக்கிழமை பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. தேதி குறித்த நாளிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை. நேற்று ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றியதுமே முந்தானை நுனியை விரலில் முறுக்கத் தொடங்கிவிட்டார். முன்பு என் சித்தப்பாவுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு அல்பிரஸோலம் கொடுத்தார்கள், நிம்மதியாக உறங்கினார். வீட்டில் மீதமிருக்கும் அந்த மாத்திரையை அம்மாவுக்கு நாங்களே கொடுக்கலாமா? அவர் இரவில் பலமாகக் குறட்டை விடுவார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி 1 (மயக்கவியல் மருத்துவர்):
தயவுசெய்து நீங்களாகக் கொடுக்காதீர்கள். கடைசியாகச் சொன்ன குறட்டைதான் என்னை முதலில் யோசிக்க வைக்கிறது. அல்பிரஸோலம், லோராஸெபம், மிடாஸோலம் எல்லாம் ஒரே குடும்ப மருந்துகள். பதற்றத்தைக் குறைக்கும்போதே தொண்டைத் தசைகளையும் தளர்த்துவதால், தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களுக்கு ஆபத்தாகலாம். 65 வயதைக் கடந்தவர்களுக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் மனக்குழப்பம் வரும் வாய்ப்பையும் இவை கூட்டக்கூடும். பிரான்சில் 70 வயதுக்கு உட்பட்ட 1,062 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், லோராஸெபம் பெற்றவர்களின் மனநிறைவு மற்றவர்களைவிடக் கூடவில்லை. அறுவை சிகிச்சை முடிந்தபின், மூச்சுக்காகத் தொண்டையில் வைத்த குழாயை எடுக்க அவர்களுக்கு 17 நிமிடமும் மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களுக்கு 13 நிமிடமும் ஆயின. ஆகவே எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். ஆனால் இம்மருந்தை நெடுநாளாகத் தினமும் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது.

மறுமொழி 2:
மருத்துவர் சொல்வது சரி. இருந்தாலும் குழந்தைகளின் நிலை வேறு என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். டான்சில் அறுவை சிகிச்சைக்கு முன் என் நான்கு வயது மகன் என் கழுத்தை விடவே இல்லை. எடைக்கேற்ப அளந்த மிடாஸோலத்தை இனிப்புச் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். அப்போதும் கசப்பில் முகத்தைச் சுளித்தான். அரை மணி நேரத்துக்குள் அவன் பிடி தானாகத் தளர்ந்தது. செவிலியர் தூக்கியபோது அழவில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று அம்மாவை மயக்கவியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். கத்தி வைப்பதைப் பற்றி அவர் பயப்படவே இல்லை, “பாதியில் முழிப்பு வந்துட்டா என்ன பண்றது?” என்பதுதான் இத்தனை நாள் கவலையாம். முடியும்வரை தாம் தலைமாட்டிலேயே இருந்து கவனிக்கப்போவதாக மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மாத்திரை வேண்டாம், தேவைப்பட்டால் அரங்கில் கண்காணிப்போடு சிறிதளவு ஊசியில் கொடுக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. அம்மா இப்போது உறங்குகிறார்.