விளக்கடியில் ஸ்ட்ரைப்பர் கூட்டம், ஆனால் கடிக்கவே இல்லை

நண்பர்களே, அமெரிக்காவில் டெக்சாஸ்-ஓக்லஹோமா எல்லையிலுள்ள டெக்சோமா ஏரியில் மூன்று வாரமாக ஒரு ஸ்ட்ரைப்பர்கூட (உடலில் கோடுகள் உள்ள பாஸ் மீன்) மாட்டவில்லை. ஜூலைக் கடைசியிலிருந்து வாரம் இரண்டு இரவு, பத்து மணி முதல் இரண்டு மணி வரை படகில் இருக்கிறேன். 50 அடி ஆழத்தில் நங்கூரம், தண்ணீருக்குள் பச்சை விளக்கு. அரை மணி நேரத்தில் ஸ்ட்ரைப்பர் தின்னும் ஷாட் என்ற சிறு மீனின் குஞ்சுகள் திரண்டுவிடும். அப்புறம் சோனாரில் (ஒலியலையால் மீனைக் காட்டும் கருவி) 25 முதல் 35 அடிக்குள் பெரிய மீன்கள் வளைவு வளைவாகத் தெரியும். பார்க்கவே கை பரபரக்கும். ஆனால் தூண்டில் அசையாது.

உயிருள்ள ஷாட்டை மூக்கில் கோத்துப் போட்டேன். வெட்டிய துண்டு, செங்குத்தாக ஆட்டும் ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை), எல்லாம் பார்த்தாயிற்று. 20 பவுண்டு தூண்டில் நரம்பை, தண்ணீரில் எளிதில் தெரியாத 12 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பாக மாற்றினேன், முள்ளையும் சிறிதாக்கினேன். நிலா இல்லாத இரவிலும் இதே கதைதான். 40 அடிக்குக் கீழே மீனே தெரிவதில்லை. கோடையில் அங்கே ஆக்சிஜன் குறைந்துவிடும் என்பதால் ஆழத்தில் தவறில்லை என்றே நினைக்கிறேன். விளக்குக்கு நேர் கீழே போடுவதுதான் தப்போ என்று இப்போது சந்தேகம்.

இரவில் இங்கே பிடித்தவர்கள் சொல்லுங்கள்: இரையை வெளிச்சத்தின் நடுவில் விடுகிறீர்களா, இருட்டு தொடங்கும் ஓரத்திலா?