சான் ஃப்ருத்துவோசோ கூழாங்கல் கரைக்கு முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பரில் குடும்பத்துடன் நான்கு நாள்கள் இத்தாலியின் ஜெனோவாவில் தங்கவிருக்கிறோம். அதில் ஒரு நாள், போர்ட்டோஃபினோ முனையின் தென்புறத்தில் பழைய துறவி மடத்தின் காலடியில் இருக்கும் சான் ஃப்ருத்துவோசோ கடற்கரைக்குச் செல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அங்கே சாலையே கிடையாது என்கிறார்கள். அம்மாவுக்கு 64 வயது. முழங்கால் வலியால் படி இறங்கவே சிரமப்படுகிறார். மகனுக்கு எட்டு வயது. நீந்தக் கற்று ஓராண்டுதான் ஆகிறது. இவ்விருவரையும் அழைத்துச் செல்வது சரியாக இருக்குமா?

மறுமொழி 1:

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள், ஆனால் படகில் மட்டும். ஜெனோவாவிலிருந்து ரயிலில் காமோலி என்ற கடலோர ஊருக்குச் சென்று, அங்கே துறைமுகத்தில் படகு ஏறினால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் கரை சேரலாம். நிலையத்திலிருந்து துறைமுகம் தாழ்வில் இருப்பதால் அம்மாவுக்காகக் கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் மலை ஏறித்தான் வெளியேற முடியும்.

தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ காற்று வலுத்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். எங்கள் முதல் பயணத்தில் அப்படித்தான் நேர்ந்தது. அன்று காமோலியின் கரையிலேயே மாலை வரை இருந்தோம். அதுவும் கூழாங்கல் கரைதான். ஆகவே கடைசி நாளில் இதை வைக்காமல் முதல் இரண்டு நாள்களுக்குள் வைத்துக்கொண்டால், கடல் ஒத்துழைக்காவிட்டாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும்.

மறுமொழி 2:

நான் போர்ட்டோஃபினோவிலிருந்து நடந்து சென்றவன். ஏற்றமும் இறக்கமுமாக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. காட்டு வழி முடியும் இடத்தில் மடத்தின் கூரை தெரிந்த கணத்தை இன்றும் மறக்கவில்லை. இருந்தாலும் உங்கள் அம்மாவுக்கு அந்த வழி வேண்டாம். காமோலிப் பக்கத்திலிருந்து கடலை ஒட்டி வரும் இன்னொரு பாதையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பாறையைக் கடக்க வேண்டிய இடங்கள் உண்டு. சிறுவனுடன் அதை நினைத்தே பார்க்காதீர்கள்.

பலரும் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் உட்காரப்போகும் அந்தக் கரை பழங்காலத்தில் இல்லை. மடத்தின் வளைவுகளுக்கு அடியிலேயே கடல் வந்து நின்றது. 1915இல் பெருமழையால் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் தேவாலயத்தின் ஒரு பகுதியை இடித்துக்கொண்டு கடலில் இறங்கியது. அது கொண்டுவந்து குவித்த கல்லும் மண்ணும்தான் இந்தக் கரை. ஜெனோவாவின் பழைய பிரபுக் குடும்பமான டோரியா குடும்பத்தின் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்லறைகள் மடத்துக்குள் இருக்கின்றன. வெள்ளைச் சலவைக்கல்லும் சாம்பல் நிறக் கல்லும் மாறி மாறி அடுக்கியவை. 1983இல் அக்குடும்பத்தின் வாரிசுகள் மடத்தை ஃபாய் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு வழங்கினார்கள். நீராடிவிட்டு உடனே திரும்பிவிடாமல் உள்ளே சென்று பாருங்கள்.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. படகிலேயே செல்கிறோம். கல்லின் மேல் குழந்தை நடக்க முடியுமா? நினைவாகச் சில கற்களை எடுத்து வரலாமா என்றும் மகன் கேட்கிறான்.

மறுமொழி 3:

கற்களை எடுக்க வேண்டாம். இத்தாலியில் கடற்கரையிலிருந்து மணலோ கல்லோ எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம். அபராதம் 1,549 யூரோவிலிருந்து தொடங்குகிறது. அதற்குப் பதிலாக, போர்ட்டோஃபினோ முனையின் தென்பகுதிப் பாறையை மகனுக்குக் காட்டுங்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் உருண்டு வந்த கூழாங்கற்களே ஒன்றாக இறுகி அந்தப் பாறையாகியிருக்கின்றன. அது உடைந்து உதிரும்போது மீண்டும் கூழாங்கல்லாகிறது.

நடப்பதைப் பொறுத்தவரை, வெறுங்காலுடன் முடியாது. நண்பகலில் கல் சுடும், ஈரக் கல் வழுக்கும். நீரிலும் அணியக்கூடிய ரப்பர் காலணியை இருவருக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். மணற்கரையைப் போல ஆழம் மெல்ல மெல்லக் கூடும் என்று நம்ப வேண்டாம். சில அடிகளிலேயே காலுக்குத் தரை எட்டாது, திரும்பும் அலை காலடிக் கல்லையும் சேர்த்து இழுக்கும். மகன் நீரில் இருக்கும் நேரம் முழுவதும் ஒருவர் அவன் கைக்கெட்டும் தூரத்தில் நில்லுங்கள். அம்மா அமர்வதற்கு மடிப்பு நாற்காலி கொண்டுசெல்லுங்கள். கல்லின் மேல் தரையோடு அமர்ந்து எழுவது அவருடைய முழங்காலுக்குப் படியைவிடக் கடினம்.

விரிகுடாவில் கடலடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஆழத்தில், 1954இல் நிறுவப்பட்ட இயேசுவின் வெண்கலச் சிலை கைகளை மேலே உயர்த்தியபடி நிற்கிறது. கரையிலிருந்து அது தெரியாது. ஆழ்நீச்சல் பயின்றவர்களே அருகில் செல்ல முடியும். மகன் கட்டாயம் கேட்பான் என்பதால் முன்பே சொல்லி வையுங்கள்.