மறுமொழி: டெதரிங்குக்குத் தமிழ்ச்சொல் – ‘தும்பிணைப்பு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். டெதரிங் என்றால் நம் கைப்பேசியின் இணைய இணைப்பை இன்னொரு கருவிக்குக் கொடுப்பது. அதற்குத் ‘தும்பிணைப்பு’ என்று நான் முன்வைத்த சொல்லுக்கு வந்த கருத்துகளுக்கு இது என் பதில்.

> ஹாட்ஸ்பாட்டுக்குப் ‘பகிரலை’ ஏற்கெனவே பரவிவிட்டது. இன்னொரு சொல் எதற்கு?

பரவியது உண்மைதான் ஐயா, அதை மாற்றச் சொல்லவில்லை. அருகலை (வைஃபை), ஊடலை (புளூடூத்) வரிசையில் அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ‘பகிர்தல்’ என்றதும், கொடுத்ததோடு நம் பொறுப்பு முடிந்தது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. போன மாதம் மகளிர் குழுவுக்குக் கைப்பேசி வகுப்பு எடுத்தபோது ஒரு அம்மா கேட்டார்: “பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பகிரலை போட்டுக் கொடுத்தா, அவன் பார்க்கிறது அவன் கணக்குலதானே போகும்?” போகாது. அவன் எதைத் திறந்தாலும் வெளியே தெரியும் இணைய முகவரி அந்த அம்மாவின் இணைப்புக்கு உரியது. நாளை அதன் வழியே யாருக்காவது மிரட்டல் அஞ்சல் போனால், விசாரணை முதலில் வந்து நிற்பது சிம் வாங்க அடையாளச் சான்று கொடுத்தவர் வாசலில்.

அதனால்தான் டெதரிங் என்ற பொதுச்சொல்லுக்குத் தும்பிணைப்பு என்கிறேன். தும்பு என்றால் மாட்டைக் கட்டும் கயிறு, ஆங்கிலச் சொல்லும் அப்படிப்பட்ட கயிற்றிலிருந்து வந்ததுதான். கன்று எவ்வளவு தூரம் மேய்ந்தாலும் தும்பின் மறுமுனை நம் முளைக்குச்சியில். அடுத்தவர் கொல்லையில் வாய் வைத்தால் மாட்டுக்காரரைத்தான் கேட்பார்கள். யூஎஸ்பி கம்பி வழியே கொடுத்தால் வடத்தும்பு, புளூடூத் வழியே என்றால் ஊடலைத் தும்பு, வைஃபை வழியே கொடுப்பதற்குப் பகிரலை அப்படியே இருக்கட்டும்.

> எங்களுக்குத் தும்பு என்றால் தேங்காய் நார். தும்புத்தடிதான் (நார்த் துடைப்பம்) நினைவுக்கு வரும்.

யாழ்ப்பாண நண்பர் சொல்வது முக்கியமான தடை, இரண்டு நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ‘தாம்பிணைப்பு’ என்று வைக்கலாம், ஆனால் இங்கே தாம்புக்கயிறு என்றால் கிணறுதான் கண்முன் வரும், மாடு வராது. நாரைத் திரித்தால் கயிறு என்பதால் இரண்டு பொருளும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்பது என் எண்ணம். அப்புறம், தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று நாம் சொல்வோமே, கடவுச்சொல் விஷயத்தில் எல்லோரும் செய்வது அதைத்தான்.

வகுப்பில் பாதிப் பேர் தங்கள் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணையே பகிரலைக்குக் கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். இந்தியக் கைப்பேசி எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில்தான் தொடங்கும், ஆக மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் டபிள்யூபிஏ2 என்னும் வைஃபை பாதுகாப்பு முறையில், ஒரு கருவி இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தைக் காற்றிலிருந்து பதிவு செய்துகொண்டால், கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் மிச்ச வேலையை வீட்டில் உட்கார்ந்தே முடிக்கலாம். கணினியின் நல்ல வரைகலை அட்டை (கிராஃபிக்ஸ் கார்டு) ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் கடவுச்சொற்களை முயன்று பார்க்கும், கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நம் எண் தெரிந்தவருக்கு அதுவும் தேவையில்லை. 2013இல் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐபோன் தானாகவே தந்த கடவுச்சொற்கள் வெறும் 1842 சொற்களில் ஒன்றோடு 4 இலக்கம் சேர்த்தவை என்று கண்டுபிடித்து, ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த முறை மாறியது. 12345678 வைக்கும் நாம் மாறவில்லை.

கியூஆர் குறியீட்டைக் காட்டுவது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் கட்டங்களுக்குள் கடவுச்சொல் அப்படியே எழுத்தாக இருக்கிறது, படம் எடுத்தவர் யாருக்கும் அனுப்பலாம். வேலை முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றினால்தான் தும்பு அவிழும்.

வைஃபை பட்டியலில் இணைப்புக்குத் தெரியும் பெயரான எஸ்எஸ்ஐடிக்கு யாரும் சொல் தரவில்லை, ‘அலைப்பெயர்’ போதும் என்று நினைக்கிறேன். ரயிலில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து இருக்கைப் பெண்ணின் பெயர் தெரிகிறது, ஏனென்றால் பல ஐபோன்களில் உரிமையாளர் பெயரே அலைப்பெயராகிவிடுகிறது. இதை அவர்களிடம் சொல்லிப் புரியவைக்க ஒரு தமிழ்ச்சொல் கையில் வேண்டும்.

இன்னொன்று, வாங்குபவர் பக்கம். பகிரலை கொடுத்தவர் நினைத்தால் நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று பெரும்பாலும் பார்க்க முடியும், உள்ளே படிப்பதைத்தான் தளத்தின் மறையாக்கம் (https) மறைக்கிறது. முன்பின் தெரியாதவர் தும்பில் கழுத்தை நீட்டுகிறோம் என்பதும் இந்தச் சொல்லில் தெரிகிறது.

இணைப்பை நிறுத்தும் பொத்தானில் ‘தும்பை அவிழ்’ என்று எழுதலாமா, ‘துண்டி’ போதுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் விக்சனரி இணைய அகராதியில் ஏற்ற வசதியாக இருக்கும். ஈழத்து நண்பர்கள் தும்பை ஒரேயடியாக மறுத்தால் வேறு சொல் பார்ப்போம்.

அன்புடன்