6 வருட போர்பன் 12 வருட ஸ்காட்சுக்குக் குறைந்ததா?

ஓஹையோக்காரன்:

வணக்கம். ப்ராஜெக்ட் வேலையாகச் சின்சினாட்டி வந்திருக்கிறேன், அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். என் மாமனார் ஓய்வு பெற்றவர். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பெக் கிளென்ஃபிடிக் 12, அதற்கு மேல் தொடமாட்டார். ஆனால் அந்த ஒரு பெக்கை ரசித்துக் குடிப்பவர். "வரும்போது அந்த ஊர்ச் சரக்கு ஒண்ணு கொண்டு வாங்க மாப்பிள்ளை" என்று கேட்டிருக்கிறார். ஆற்றைத் தாண்டினால் கென்டக்கி, ஆகவே அமெரிக்க விஸ்கியான போர்பன்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

கடைக்குப் போய்ப் பார்த்தால் பாதிப் பாட்டில்களில் வயதே (பீப்பாயில் ஊறிய வருடம்) இல்லை. போட்டிருப்பதிலும் 6, 7 என்றுதான் இருக்கிறது. 12 வருட ஸ்காட்ச் குடிப்பவரிடம் 6 வருடச் சரக்கைக் கொடுத்தால் மலிவாக வாங்கி வந்ததாக நினைப்பாரோ என்று தயக்கம். இன்னொரு சந்தேகம்: ஜாக் டேனியல்ஸ் போர்பனா, இல்லையா? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், கூட வேலை பார்ப்பவர் வேறொன்று சொல்கிறார். ரை என்று தனியாக ஓர் அடுக்கும் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேகமலை:

ஜாக் டேனியல்ஸ் டென்னசி மாநிலத்துச் சரக்கு. போர்பனைக் கென்டக்கியில் மட்டும்தான் செய்யலாம், அதனால் அது போர்பன் ஆகாது. வயது பற்றி எனக்குத் தெரியாது. லேபிளில் 'சவர் மாஷ்' என்று இருக்கிறதே, அது நாம் பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி பழைய ஊறலில் கொஞ்சம் எடுத்துப் புதிதில் சேர்ப்பதுதானே? குடித்தால் புளிக்குமா?

லூயிவில்வாசி:

கென்டக்கியின் லூயிவில்லில் பல வருடமாக இருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேகமலைக்கு முதலில். போர்பனை அமெரிக்காவில் எங்கே வேண்டுமானாலும் வடிக்கலாம். 1964-ல் அமெரிக்கக் காங்கிரஸ் அதை இந்த நாட்டுக்கே உரிய சரக்கு என்று தீர்மானம் போட்டது, கென்டக்கிக்கு மட்டும் என்று எழுதிக் கொடுக்கவில்லை. இண்டியானாவிலும் டெக்சாஸிலும் நியூயார்க்கிலும் நல்ல போர்பன் வருகிறது. பெரும்பகுதி கென்டக்கிச் சரக்கு என்பது மட்டும் உண்மை.

சட்டம் என்ன கேட்கிறது என்றால், ஊறலில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடிக்கும்போது 80 விழுக்காட்டு ஆல்கஹால் செறிவைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் அதற்கு மேல் போகப் போகத் தானியத்தின் மணம் கழன்றுவிடும். பீப்பாயில் ஊற்றும்போது 62.5-க்கு மேல் இருக்கக் கூடாது. நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது, தண்ணீர் மட்டும் சேர்க்கலாம். ஸ்காட்சில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்க அனுமதி உண்டு. ஆகவே போர்பனில் நீங்கள் பார்க்கும் செம்பழுப்பு முழுக்க மரம் கொடுத்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி இனிமேல்தான் வருகிறது: பீப்பாய் புதிய ஓக் மரத்தில் செய்ததாக, உட்புறம் கருக்கியதாக இருக்க வேண்டும். போர்பனை ஒருமுறை ஊறவைத்து எடுத்துவிட்டால் அந்தப் பீப்பாயில் மறுபடியும் போர்பன் வைக்க முடியாது.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லெபனான் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கென்டக்கி கூப்பரேஜ் என்ற பீப்பாய்ப் பட்டறை இருக்கிறது, பார்வையாளர்களை உள்ளே விடுகிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள். பீப்பாய்க்குள் நெருப்பு குபீரென்று எழுந்து வெளியே நாக்கு நீட்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது, அணைத்துவிடுவார்கள். ஆழமாகக் கருக்கியதில் உட்புறம் கட்டம் கட்டமாக வெடித்து முதலைத் தோல் மாதிரி ஆகிவிடும். இங்கே அதை முதலைக் கருக்கல் என்றே சொல்கிறார்கள். வைல்ட் டர்க்கி என்ற போர்பன் நிறுவனம் அப்படிக் கருக்கிய பீப்பாயைத்தான் பயன்படுத்துகிறது. அந்தக் கரி, பச்சைச் சாராயத்தில் இருக்கும் கந்தக நெடியை உறிஞ்சிக்கொள்ளும். கரிக்குப் பின்னால் சூட்டில் மரத்தின் சர்க்கரை உருகிச் சிவந்த ஒரு படலம் இருக்கும். வனிலா, கேரமல், லேசான தேங்காய் மணம் எல்லாம் கருகிய மரமும் அந்தப் படலமும் தருபவை.

அப்புறம் வெயில். கென்டக்கியில் கோடையில் 30 டிகிரிக்கு மேல் போகும், குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே இறங்கும். சூட்டில் சரக்கு விரிந்து மரத்துக்குள் போகிறது, குளிரில் சுருங்கி வெளியே வருகிறது. பல மாடிக் கிடங்கின் மேல்தளத்தில் அனல் அடிக்கும். கீழ்த்தளத்துப் பீப்பாயும் மேல்தளத்துப் பீப்பாயும் ஒரே நாளில் ஊற்றியவை என்றாலும் சில வருடத்தில் இரண்டும் வேறு வேறு சரக்காகிவிடும். மேக்கர்ஸ் மார்க் என்ற நிறுவனத்தில் இதற்காகவே பீப்பாய்களை மேலிருந்து கீழே மாற்றுகிறார்கள். ஃபோர் ரோசஸ் என்ற இன்னொரு நிறுவனம் ஒரே தளக் கிடங்குகள் கட்டி வைத்திருக்கிறது.

ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. சட்டம் குறைந்தது 3 வருடம் கேட்கிறது. ஊர் குளிர்ச்சி, பீப்பாய் பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்தியது. அதில் மிகப் பெரும் பங்கு எங்கிருந்து போகிறது தெரியுமா? நம் கென்டக்கிப் பீப்பாய்கள்தான், இங்கே மறுபடி போர்பனுக்கு உதவாது என்று விற்றவை. ஒருமுறை சாறு இறங்கிய மரம், குளிர்ந்த காற்று, அதனால் மெதுவாக ஊறுகிறது. அங்கே 12 வருடம் தேவைப்படுவது அதனால்தான். புதிய கரிப் பீப்பாயில் இந்த வெயிலில் 12 வருடம் வைத்தால் பல போர்பன்கள் மரக் கசப்பேறி நாக்கை வறட்டும். 6 முதல் 8 வருடத்தில்தான் போர்பன் மிக அழகாக இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் மாமனாரின் கிளென்ஃபிடிக் 12-லும் ஒரு பகுதி அமெரிக்க போர்பன் பீப்பாயில் ஊறியதுதான். இதை அவரிடம் சொல்லிக் கொடுங்கள், பாட்டிலுக்கு மரியாதை கூடும்.

வயது போடாத பாட்டிலைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். 'ஸ்ட்ரெய்ட் போர்பன்' என்று இருந்தால் குறைந்தது 2 வருடம் ஊறியிருக்க வேண்டும். 4 வருடத்துக்குக் குறைவென்றால் வயதை லேபிளில் போட்டே ஆக வேண்டும். ஆகவே 'ஸ்ட்ரெய்ட்' என்றிருந்து வயது இல்லையென்றால் 4 வருடமாவது ஆகியிருக்கும்.

ரை என்றால் மக்காச்சோளத்துக்குப் பதில் ரை தானியம் 51 விழுக்காடு. மிளகுக் காரம், உலர்ந்த சுவை. போர்பனுக்குள்ளும் இந்த வேறுபாடு உண்டு. மக்காச்சோளம், முளைகட்டிய பார்லி போக மூன்றாவது தானியம் பெரும்பாலும் ரையாக இருக்கும். மேக்கர்ஸ் மார்க்கில் அந்த இடத்தில் கோதுமை, அதனால் காரம் அடங்கி மெத்தென்று இருக்கும்.

ஜாக் டேனியல்ஸ் 80 விழுக்காடு மக்காச்சோளம், புதிய கருக்கிய பீப்பாய். போர்பனுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. ஆனால் பீப்பாயில் ஊற்றுமுன் சர்க்கரை மேப்பிள் மரக் கரியில் சொட்டுச் சொட்டாக வடிகட்டுகிறார்கள், லேபிளில் டென்னசி விஸ்கி என்றே போட்டுக்கொள்கிறார்கள். ஜாக் டேனியலுக்கு வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட் கிரீன், அடிமையாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர். அந்த நிறுவனமே இதை வெளிப்படையாகச் சொன்னது 2016-ல்தான். அந்தப் பாட்டிலைப் பற்றிப் பேசும் எவரும் அவர் பெயரையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

சவர் மாஷ் உறை ஊற்றுவது இல்லை, மேகமலை. உறையில் உயிர் இருக்கும். இது ஏற்கெனவே வாலையில் (சாராயம் வடிக்கும் கலனில்) கொதித்து மிஞ்சிய நீர், அதில் ஈஸ்ட் செத்துப்போயிருக்கும். அதன் புளிப்பு புது ஊறலில் வேண்டாத பாக்டீரியா வளராமல் தடுக்கும், ஈஸ்ட் நிம்மதியாக வேலை செய்யும். குடிக்கும்போது புளிக்காது. பெரும்பாலும் எல்லா போர்பனும் இந்த முறைதான், லேபிளில் சிலர் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

பெங்களூர் டிகாக்‌ஷன்:

வயது பற்றி லூயிவில்வாசி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் ஊர் அம்ருத் விஸ்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வெப்பத்தில் வருடத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஆவியாகிப் போகிறது. 12 வருடம் காத்திருந்தால் பீப்பாயில் என்ன மிஞ்சும்? இளம் வயதிலேயே பாட்டிலில் அடைக்கிறார்கள், உலகம் முழுக்கப் பேர் வாங்கியிருக்கிறது. அம்ருத், கோவாவின் பால் ஜான் இரண்டுமே போர்பன் பீப்பாய்களை வரவழைத்துப் பயன்படுத்துகின்றன. நம் ஊரில் விஸ்கி என்று விற்கும் மலிவுச் சரக்கில் பெரும்பாலானது கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. தானியத்தில் செய்த எதோடும் அதை ஒப்பிட வேண்டாம்.

ஓஹையோக்காரன்:

லூயிவில்வாசி அண்ணா, ரொம்ப நன்றி. பெங்களூர் நண்பருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: எதைத்தான் வாங்கட்டும்? ஒரு பாட்டிலா, இரண்டா?

லூயிவில்வாசி:

இரண்டு வாங்குங்கள் தம்பி. இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. இங்கே பாட்டில் 750 மில்லி, இரண்டும் உள்ளே அடங்கும்.

முதலாவது மேக்கர்ஸ் மார்க். ஸ்காட்ச் பழகிய நாக்குக்கு அதன் கோதுமை இதம் தொந்தரவு செய்யாது. இரண்டாவது, 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று லேபிளில் இருக்கும் ஒன்று. எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் எளிதாகக் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. 19-ஆம் நூற்றாண்டில் வியாபாரிகள் மலிவுச் சாராயத்தில் புகையிலைச் சாறு வரை கலந்து விஸ்கி என்று விற்றார்கள். அதைத் தடுக்க 1897-ல் சட்டம் வந்தது: ஒரே வடிசாலையில் ஒரே பருவத்தில் வடித்தது, அரசு மேற்பார்வையில் இருக்கும் கிடங்கில் குறைந்தது 4 வருடம், பாட்டிலில் சரியாக 50 விழுக்காடு. அந்த விதி இன்னும் இருக்கிறது. மலிவாக வாங்கி வந்தான் என்ற எண்ணம் வராமலிருக்க, அந்த லேபிளின் கதை ஒன்று போதும்.

50 விழுக்காடு என்பதை மறக்காமல் மாமனாரிடம் சொல்லுங்கள். அவருடைய வழக்கமான சரக்கு 40. சில துளி தண்ணீர் விட்டு, இரண்டு நிமிடம் வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், ஐஸ் வேண்டாம். முதல் நாள் பக்கத்தில் அவருடைய கிளென்ஃபிடிக்கையும் கொஞ்சம் ஊற்றி வைத்து, முதலில் மோந்து பார்க்கட்டும். இரண்டிலும் உள்ள வனிலா மணத்தைக் கண்டுபிடித்துவிடுவார். பாட்டில்களைக் கைப்பையில் வைக்காதீர்கள், துணி சுற்றிப் பெட்டியில் போடுங்கள்.