மாதம் ஆயிரம் ரூபாய் எனக்கு என்ன செய்தது? உதவித்தொகையில் படித்தவர்கள் எழுதுங்கள்

ஆரணியிலிருந்து:

உதவித்தொகையில் படித்தேன் என்று சொன்னால், எவ்வளவு கிடைத்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மாதாமாதம் தவறாமல் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. என் வாழ்க்கையில் அதுதான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது. என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

அப்பா பட்டு நெய்கிறார். வீட்டின் முன்னறையில் பாதியைத் தறிதான் அடைத்திருக்கும். நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. ஐப்பசி, கார்த்திகையில் தறிக்குழியில் நீர் ஊறிவிட்டால் அந்த வாரம் வேலை இல்லை, கூலியும் இல்லை. அடுத்த காசு என்றைக்கு வரும் என்று எங்கள் வீட்டில் ஒருவராலும் சொல்ல முடியாது. பிளஸ் டூ வரை நான் கண்ட குடும்பக் கணக்கு இவ்வளவுதான்.

2022இல் செய்யாறு அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதிதான் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கு, பட்டப்படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். அதுவரை மாலையில் வீட்டுக்கு வந்ததும் ராட்டையின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் தறிக்குப் போக, பக்கத்து வீட்டுத் தறிக்கும் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் கண்டு) சுற்றிக் கொடுத்தால் ஏதோ கொஞ்சம் காசு கிடைக்கும். பருவத் தேர்வுக் கட்டணத்துக்கும் ஜெராக்ஸுக்கும் அதுதான் வழி. சுற்றி முடிக்க மணி ஒன்பது ஆகிவிடும். அதன் பிறகு நுண்கணிதத்தைத் திறந்தால் கண் சொருகும்.

முதல் மாதப் பணத்தை எடுத்துவந்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா நாடாவை நிறுத்திவிட்டு நோட்டுகளைப் பார்த்தார். "இது உன் படிப்புக்கு வந்தது பாப்பா. வீட்டுச் செலவில் கலந்தால் எங்கே போனது என்றே தெரியாது. நீயே வைத்துக்கொள்" என்றார். அன்றைக்கு மளிகைக் கடையில் பாக்கி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

கணித நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு கோடு போட்டேன். பஸ், ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம், மீதி. "மீதி" என்று ஒரு கட்டம் என் கணக்கில் வந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டுத் தாரை விட்டுவிட்டேன். மாலையில் இரண்டு மணி நேரம் எனக்கே எனக்கென்று ஆனது. இரண்டாம் ஆண்டில் எங்கள் பேராசிரியை, ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வைப் பற்றியும் மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைப் பற்றியும் சொன்னபோது, விண்ணப்பக் கட்டணத்துக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. இருபது மாதம் முன்கூட்டித் திட்டமிட முடிந்தது. ஜாம் கைகூடவில்லை. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இடம் கிடைத்தது. இப்போது முதலாண்டு. புதுமைப் பெண் உதவி இளநிலையோடு முடிந்துவிட்டது. அடுத்த இலக்கு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை. அதில் தேறினால் ஆராய்ச்சியின் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் திட்டத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரை வைத்திருக்கிறார்கள். முன்பு அதே பெயரில் திருமண நிதியுதவி இருந்தது. என் பெரியப்பா மகள் பட்டம் முடித்து, அதில் 50,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் வாங்கினார். அவருக்குக் கல்யாணத்தின்போது கிடைத்தது. எனக்குப் படிக்கும்போது கிடைத்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அந்த அம்மையாரின் மூவலூர் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. திருவாரூருக்குப் போகும்போது ரயில் மயிலாடுதுறையில் நிற்கும் ஒவ்வொரு முறையும் அக்காவையும் என்னையும் நினைத்துக்கொள்வேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து:

தங்கை எழுதியதைப் படித்ததும் 2013ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் நான் முதல் பட்டதாரி. அதற்குக் கட்டணச் சலுகை உண்டு. அந்தச் சான்றிதழுக்காக கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று இடமும் அலைந்தது அப்பாதான். அவர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை தூக்குபவர். ஒரு நாள் அலுவலகத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். பொறியியல் கலந்தாய்வு அப்போது நேரில்தான் நடக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. அப்பா சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் உறையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 20,000 ரூபாய் குறைந்தது. விடுதியும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. நான்கு ஆண்டில் 80,000 ரூபாய் வட்டிக்கு வாங்காமல் தப்பித்தோம். அதன் அருமை கடைசி ஆண்டில்தான் தெரிந்தது. முதலில் கிடைத்த வேலையில் அசல் சான்றிதழ்களை ஒப்படைத்துவிட்டு இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்றார்கள். கடன் உள்ள என் நண்பர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். ஐந்து மாதம் வீட்டில் இருந்து வடிவமைப்பு மென்பொருள் கற்றுக்கொண்டு, கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் ஆலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். இன்றும் அதே துறையில்தான் இருக்கிறேன்.

ஒரு வருத்தமும் உண்டு. இந்தச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். என் தங்கை பொறியியல் சேர்ந்தபோது அவளுக்குக் கிடைக்கவில்லை. "அண்ணா, உன் பங்கில் எனக்குப் பாதி தரக் கூடாதா?" என்று கேட்டாள். அவளுடைய கடைசி இரண்டு ஆண்டுக் கட்டணத்தை என் சம்பளத்தில் கட்டினேன். வீட்டில் மூத்த பிள்ளை ஒன்று படித்துவிட்டதாலேயே இளையதற்கு வறுமை தீர்ந்துவிடுமா? இந்த விதியை அரசு மாற்ற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து:

எனக்கு வந்தது போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகை. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு உரியது. அது இல்லையென்றால் நான் நூற்பாலைக்குத்தான் போயிருப்பேன். ஆனால் இரண்டாம் ஆண்டில் பணம் தேர்வுக்குப் பிறகுதான் வந்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். கட்டணப் பாக்கி என்று சொல்லி, பதினொரு பேரை ஹால் டிக்கெட் கொடுக்காமல் அலுவலக வாசலில் நிற்க வைத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் யார் யார் என்று வகுப்பே பார்த்தது. துறைத் தலைவர் வந்து, "இவர்களுக்கு நான் பொறுப்பு" என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் தேர்வறைக்குள் போனோம். மாதாமாதம் தவறாமல் வருவதைப் பற்றி ஆரணி சகோதரி எழுதியிருப்பதன் பொருள் எனக்கு நன்றாகப் புரிகிறது. பணம் தாமதமானால் அவமானம் முந்திக்கொள்கிறது.

இப்போது நான் பட்டதாரி ஆசிரியை. உதவித்தொகைப் படிவம் வந்த அன்றே என் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்து நிரப்பச் சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து, ஓய்வுபெற்ற பேராசிரியர்:

கல்லூரியில் உதவித்தொகைப் பொறுப்பைப் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். தகுதி இல்லாமல் இழந்தவர்களைவிடத் தாளில் இழந்தவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். ஆதாரில் ஒரு முன்னெழுத்து, மதிப்பெண் சான்றிதழில் வேறு முன்னெழுத்து. வங்கிக் கணக்கு இருக்கும், ஆதாரோடு இணைந்திருக்காது. வருமானச் சான்றிதழ் பழையதாக இருக்கும். இவற்றைச் சேர்க்கைக்கு முன்பே, மே மாதத்திலேயே சரிசெய்துவிடுங்கள்.

புதுப்பித்தல் அடுத்த பள்ளம். மத்திய அரசின் மதிப்பெண் அடிப்படையிலான உதவித்தொகை இளநிலைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இயற்பியல் மாணவன் ஒருவன், ஒரு முறை கிடைத்தால் மூன்று ஆண்டும் தானாக வரும் என்று நம்பி இரண்டாம் ஆண்டைக் கோட்டைவிட்டான். கடைசித் தேதி முடிந்த மறுநாள் காலையில் என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்கடுத்த ஆண்டு முதல் தேதிகளைத் துறை வாசலில் பெரிய எழுத்தில் நானே எழுதி ஒட்டினேன்.

அடிப்படை அறிவியல் படிப்பவர்கள் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பையர் உதவித்தொகையைக் கட்டாயம் பாருங்கள். பிளஸ் டூவில் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வருபவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடைக்கால ஆய்வுப் பணிக்கு உரியது. பதினெட்டு வயதில் ஓர் ஆய்வகத்துக்குள் போய்வந்த பிள்ளை, திரும்பிவந்து கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும். ஆரணி மாணவிக்கு ஒரு கேள்வி: உன் வீட்டில் அடுத்துப் படிப்பவர் யாரேனும் இருக்கிறார்களா?

ஆரணியிலிருந்து:

இருக்கிறாள், ஐயா. தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்து அவளுடைய ஆதாரை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அப்பாவின் முன்னெழுத்து அதில் இல்லவே இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிறது. சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன், இ-சேவை மையத்துக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டுத் தானும் வருவதாக அப்பா சொல்கிறார்.