தாது வருஷம் என்றால் 1936 தானா? பாட்டியின் வயதைக் கணக்கிட உதவி தேவை

கேள்வி:
கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் வாழும் என் பாட்டியின் ஆதார் அட்டையில் பிறந்த நாள் 1-1-1940 என்று இருக்கிறது. பதிவின்போது யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது அது. பாட்டியோ, தாம் தாது வருஷம் ஆடி மாதம் பிறந்ததாகவும், பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று உறவினர்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்திறங்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்பதாகவும் சொல்கிறார். ஆனால் 1947 ஆகஸ்ட் 15 அன்று ஊரில் என்ன நடந்தது என்று கேட்டால் நினைவில்லை என்கிறார். அவர் கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில் 1:
தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்புவதால், 1876க்குப் பிறகு தாது 1936இல்தான் வந்தது. ஆகவே ஆடி என்பது அவ்வாண்டு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. ஆனால் 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்றே வீடுகளில் சொல்லி வந்தார்கள். அந்தப் பெயர் அவ்வழியாகவும் மனத்தில் பதிந்திருக்கலாம் என்பதால் வேறொரு சான்றும் வேண்டும்.

பதில் 2:
அந்தச் சான்று கேள்வியிலேயே இருக்கிறது. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் சென்னை கலங்கிப்போய், ஏராளமானோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு ரயிலேறினார்கள். 1940இல் பிறந்திருந்தால் அப்போது அவருக்கு இரண்டு வயது. தாது ஆடி என்றால் ஐந்தே முக்கால். சுதந்திர நாள் நினைவில்லை என்பதை நான் குறையாகக் கொள்ளமாட்டேன். தேதியைக் கேட்காமல், காசு மாறியதைக் கேட்டுப் பாருங்கள். நயா பைசா 1957 ஏப்ரல் 1 அன்று வந்தது.

கேள்வி கேட்டவர்:
கேட்டேன். மூத்த பிள்ளை இடுப்பில் இருந்த சமயம் என்று உடனே சொன்னார். என் பெரியப்பா பிறந்தது 1956 என்பது பள்ளிச் சான்றிதழில் உள்ளது. ஓரணாவுக்கு ஆறேகால் பைசா வரவேண்டிய இடத்தில் வெற்றிலைக் கடைக்காரர் ஆறுதான் கொடுத்தாராம். அரசு வெளியிட்ட மாற்று அட்டவணையே அப்படித்தான் என்று விளக்கியும் பாட்டி ஒப்பவில்லை. "கால் பைசாவை முழுங்கிட்டான்" என்றார், நேற்று நடந்ததுபோல.