ஆச்சியின்ரை 31உம் காண்டாவன வெய்யிலும்

குழு: உரும்பிராய் வளவு

விஜி அக்கா: ஆச்சியின்ரை 31ஆம் நாள் காரியம், அந்தியேட்டி, மே 16. விடியக் கீரிமலைக் கேணியடி, பேந்து வீட்டிலை மத்தியானச் சாப்பாடு. பந்தல்காரருக்கு இண்டைக்கே சொல்லவேணும். தகரமோ, தென்னோலைக் கிடுகோ?

சித்தப்பா: தகரம். கெதியா முடியும்

துஷா (கனடா): ஏசி ஹோல் ஒண்டு எடுத்தா என்ன? போன முறை பிள்ளையள் ரெண்டுக்கும் உடம்பெல்லாம் வேர்க்குரு

மாமி (பிரான்ஸ்): அம்மாவின்ரை காரியம் அம்மா இருந்த வீட்டிலைதான்

கண்ணன்: ஓம்

பெரியப்பா: எல்லாரும் ஒருக்கா ஆறுதலா வாசியுங்கோ. மே நடுப்பகுதியெண்டா முழுக் காண்டாவனம், வருசத்திலை கடும் வெக்கைக் காலம். சித்திரை வருசப்பிறப்பை ஒட்டிச் சூரியன் எங்கடை உச்சிக்கு மேலை வந்துபோகும். அப்ப சூடேறின நிலமும் கடலும் இன்னும் ஆறியிராது, தென்மேற்குச் சோளகக் காத்தும் வடிவாப் பிடிச்சிராது. வெப்பமானி 33, 34 பாகைதான் காட்டும். உடம்புக்கு அதைவிடக் கூடத் தெரியும். ஏனெண்டா சுத்திவரக் கடல், காத்திலை ஈரப்பதன் கூட. வேர்வை காய்ஞ்சாத்தான் உடம்பு குளிரும். இஞ்சை வழியுமே தவிரக் காயாது. ராவிலையும் 27, 28க்குக் கீழை இறங்கிறது அருமை, உடம்பு ஆற நேரமில்லை. தகரத்துக்குக் கீழை 200 சனத்தை இருத்தினா மேலாலை தகரம் கொதிக்கும், உள்ளுக்குச் சனத்தின்ரை புழுக்கம். கிடுகு வெக்கையை உள்ளுக்கு விடாது, இடுக்காலை காத்தும் போய்வரும்.

கண்ணன்: 👍

சித்தப்பா: கிடுகு இப்ப எங்கை அண்ணை எடுக்கிறது

மாமி (பிரான்ஸ்): முத்தத்து வேம்பு நிண்டிருந்தாப் பாதிப் பந்தல் மிச்சம்

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

விஜி அக்கா: மாமி இப்ப அது வேண்டாம்

மாமி (பிரான்ஸ்): அம்மா அதுக்குக் கீழைதான் பாயைப் போட்டுப் படுக்கிறவ. அதைத் தறிச்சாப்பிறகு மத்தியானத்திலை கண் மூட ஏலாமல் கிடந்து புழுங்கினவ. போனிலை எனக்குத்தான் சொல்லிறவ

சித்தப்பா: அந்த இடத்திலை கட்டின அனெக்ஸின்ரை வாடகையிலைதான் அம்மாவுக்கு மருந்து வாங்கினது. தூர இருந்து கதைக்கிறது லேசு அக்கா

துஷா (கனடா): கறுத்தக்கொழும்பான் மாமரம் காய்ச்சிருக்கோ

கண்ணன்: கிணத்தடி மரம் நிறையக் கிடக்கு. அணில் விட்டாச் சரி

துஷா (கனடா): எனக்கு 10 வையுங்கோ. சின்னவன் நுங்கும் கேக்கிறான்

கண்ணன்: வரட்டும், சீவிக் குடுப்பம்

விஜி அக்கா: பந்தல்??

பெரியப்பா: பந்தலைவிட நேரந்தான் முக்கியம். 5 மணிக்குக் கீரிமலைக்கு வெளிக்கிட்டா வெய்யில் ஏற முதல் வீட்டை வந்திடலாம். 11 மணிக்கே முதல் பந்தியை வைப்பம், வயசான ஆக்களும் பிள்ளையளும் முதல். தேங்காய்ப்பால் விட்ட கறியளைக் கடைசியாச் சமைக்கவேணும், விடியச் சமைச்சு மூடி வைச்சா இந்த வெக்கைக்கு மத்தியானம் புளிச்சிடும். சோடா வேண்டாம். மோரும், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியும் பெரிய பானையிலை வாசலிலையே இருக்கட்டும். ஜீவனிப் பைக்கற்றும் (தண்ணியிலை கரைச்சுக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) கொஞ்சம் வாங்கி வையுங்கோ. ஆருக்கும் தலைசுத்து, சத்தி (வாந்தி) எண்டா நிழலுக்குக் கொண்டுபோய் உடுப்பைத் தளர்த்தி ஈரத்துணியாலை துடைச்சு விசிறுங்கோ. ஆள் தடுமாறிக் கதைச்சாலோ தோல் நெருப்பாக் கொதிச்சாலோ பாத்துக்கொண்டு நிக்கக்கூடாது. உடனை 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். நினைவில்லாத ஆளுக்கு வாயிலை தண்ணி வார்க்கக்கூடாது.

விஜி அக்கா: கல்வெட்டுக்கு (31இலை குடுக்கிற நினைவுப் புத்தகம்) ஆச்சியின்ரை நல்ல படம் இருந்தா ஆரும் அனுப்புங்கோ

துஷா (கனடா): பிள்ளையள் தண்ணி குடிச்சாக் காணாதோ பெரியப்பா

பெரியப்பா: குடிக்கட்டும் பிள்ளை. சலம் (மூத்திரம்) கடும் மஞ்சளாப் போனாத் தண்ணி காணாதெண்டு அர்த்தம். குளிரிலை இருந்து வாற உடம்பு இந்த வெக்கைக்குப் பழக ஒண்டு ரெண்டு கிழமை செல்லும். கொஞ்சம் முந்தி வந்தா நல்லது

துஷா (கனடா): 13 தான் வாறம். லீவு இல்லை

பெரியப்பா: அப்ப கீரிமலைக்குப் பிள்ளையளைக் கொண்டுபோக வேண்டாம்

துஷா (கனடா): கேணியிலை குளிக்கத்தானே அதுகள் துள்ளுதுகள்

மாமி (பிரான்ஸ்): அண்ணை சொல்லிறதைக் கேளுங்கோ. ஐயாவின்ரை 31 அண்டும் இதே வெய்யில். தகரப் பந்தலுக்குள்ளை சின்னம்மா மயங்கி விழுந்து இடுப்பு முறிஞ்சது

பெரியப்பா: அதுக்குப் பிறகு அவ எழும்பி நடக்கேல்லை. அதுதான் இவ்வளவும் எழுதிறன்

விஜி அக்கா: 🙏

சித்தப்பா: சரி. கிடுகு கேட்டுப் பாக்கிறன். காணாட்டிச் சமையல் பக்கம் தகரம்

மாமி (பிரான்ஸ்): தகரத்துக்கு மேலை ஓலையைப் பரவித் தண்ணி தெளிச்சு விடுங்கோ தம்பி. கிடுகுக்கு நான் காசு போடுறன்

சித்தப்பா: காசு கதையில்லை அக்கா. ஓலை பரவலாம்

பெரியப்பா: நல்ல யோசனை. ஆனா கிணறு நல்லாக் கீழை போட்டுது. மோட்டரை ஒரேயடியா விடாதேங்கோ, விட்டு விட்டு இறையுங்கோ. முதல் நாள் பின்னேரமே தொட்டியை நிரப்பி மூடி வைச்சா நல்லது

விஜி அக்கா: அப்ப கிடுகெண்டு சொல்லட்டோ

சித்தப்பா: நாளைக்குப் பின்னேரம் வரை பொறு

கண்ணன்: 5 மணி எண்டா ஐயருக்கு ஏலுமோ

விஜி அக்கா: ஐயரோடை ஆர் கதைச்சது

சித்தப்பா: அண்ணை கதைச்சிருப்பார் எண்டெல்லோ நான் இருந்தன்